அகப்பையும் கஞ்சியும்

ஆங்கிலப் பேரிலக்கியம் மெத்தப் படித்தோர்க்கே உரியது என்பார் உளர். அவ்விலக்கிய வரலாறே அக்கூற்றை மறுக்கின்றது.

1824-இல், கடன்பட்ட தந்தை இலண்டன் மார்சல்சீச் சிறையில் கிடந்தபோது, பன்னிரண்டு அகவைச் சிறுவனான சார்லசு திக்கன்சு காலணி மைத் தொழிலகத்தில் குப்பிகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டினான். வளர்ந்து எழுத்தாளரான அவர், 1836 முதல் 'பிக்விக்கு' கதையைத் திங்கள்தோறும் ஒரு சில்லிங்கு விலையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். எழுத்தறியாதோரும் பிறர் படிக்கக் கேட்டு மகிழ்ந்தனர்.

1834-ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், வழியற்றோரைப் பணியில்லங்களில் அடைத்தது. கணவனையும் மனைவியையும் பிரித்தது. அரைவயிற்றுக் கஞ்சி வார்த்தது. அக்கொடுமையை அவர் 1837-இல் எழுதத் தொடங்கிய 'ஆலிவர் துவிசுட்டு' நாட்டின்முன் நிறுத்தியது. இன்னும் சிறிது கஞ்சி கேட்டதே அச்சிறுவன் செய்த குற்றம்!

இன்றோ அந்நூல் பலர்க்குத் தேர்வுக்கான வினாவிடைச் சுருக்கமாய்ச் சிறுத்துவிட்டது. ஆனால், 2024-இல் உலகெங்கும் ஏறத்தாழ 13.8 கோடிச் சிறார் உழைப்பில் வாடினர் என்பது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் கணக்கு. இந்நிலை நீடிக்கும்வரை ஆலிவரின் கேள்வி பழையதாகாது.

அந்நூலைப் படிப்போர் எழுதவேண்டிய தேர்வு ஒன்றே: கஞ்சி கேட்டவன் பக்கம் நிற்பதா? அகப்பை பிடித்தவன் பக்கம் நிற்பதா?