வீதிக்குக் கீழே ஒரு பொருத்து

சென்ற இதழில் பொயிலரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "பொயிலருக்கு வருகிற காஸ் வீதியிலிருந்து எப்படி வருகிறது? அந்தக் குழாய்களை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வேளையில், எங்கள் வீதியிலேயே அந்தக் குழாய்களை மாற்ற வந்துவிட்டார்கள்.

வேலை தொடங்குவதற்குச் சில கிழமைகள் முன்பே எல்லா வீடுகளுக்கும் கடிதம் போட்டிருந்தார்கள். எம்மவர் வீடுகளில் அந்தக் கடிதத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிற்சா விளம்பரங்களோடு சேர்ந்து அது குப்பைக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் ஒரு மாமி தனியாக இருப்பார். வேலையாட்கள் அவருடைய கதவை இரண்டு தடவை தட்டினார்கள். அவர் திறக்கவில்லை. உள்ளே போகாமல் புதிய குழாயை மீற்றருடன் இணைக்க முடியாது. பழைய குழாயில் காஸை நிறுத்தியாகிவிட்டது. எனவே கதவில் ஒரு அட்டையைச் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு மகன் வந்து பார்த்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. மாமி கோட்டும் போட்டு, போர்வையும் போர்த்திக்கொண்டு கதிரையில் இருந்தாராம்.

"ஏன் மாமி திறக்கேல்லை?" என்று அடுத்த நாள் காலை கேட்டேன்.

"தம்பி, நாலு பேர் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தட்டினவங்கள். அங்கை அப்பிடித் தட்டேக்கை நான்தான் திறந்தனான். மூத்தவனைக் கூட்டிக்கொண்டு போனவங்கள், பிறகு வரேல்லை. நான் எப்பிடியப்பு திறப்பன்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மாமி வீட்டில் நின்றேன். வேலையாட்கள் வந்தார்கள். அவர்களின் தலைவர் பொறுமையான மனிதர். வெட்டியெடுத்த பழைய இரும்புத் துண்டையும் புதிய மஞ்சள் குழாயையும் காட்டி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

லண்டனுக்குக் காஸ் கொடுக்கவென்று முதலாவது கம்பனி 1812இல் அமைந்தது. அது நிலக்கரியை வாட்டி எடுத்த காஸ். அதைக் கொண்டுபோக வார்ப்பிரும்புக் குழாய்களைப் புதைத்தார்கள். ஒரு குழாயின் அகன்ற வாய்க்குள் அடுத்த குழாயின் நுனியைச் செருகி, இடைவெளியில் தார் தோய்த்த சணலை அடைத்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றி, உளியாலும் சுத்தியலாலும் இறுக்குவார்கள். குழாய்த் துண்டுகள் நீளம் குறைந்தவை. ஆகவே ஒரு வீதிக்கே எத்தனையோ பொருத்துகள் தேவைப்பட்டன.

நிலக்கரிக் காஸில் ஈரம் இருந்தது. அந்த ஈரம் சணலை ஊறவைத்து, பொருத்தை இறுக்கமாக வைத்திருந்தது. 1967 முதல் 1977 வரை பிரித்தானியா முழுவதும் வடகடலில் எடுத்த இயற்கை வாயுவுக்கு மாறியது. இது வரண்ட காஸ். சணல் காய்ந்து சுருங்க, நூறு வருடம் தாங்கிய பொருத்துகள் கசியத் தொடங்கின. குழாய்க்குள் இரசாயனப் புகாரை அனுப்பிச் சணலை மறுபடி ஊறவைத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பொருத்தைச் சுற்றி அச்சுக் கட்டி, இறுகும் பசையை ஊற்றி மூடினார்கள். இவையெல்லாம் காலத்தை நீட்டினவே தவிர, குழாயைப் புதிதாக்கவில்லை.

வார்ப்பிரும்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது வளையாது, முறியும். உறைபனியில் மண் அசையும்போதும், பாரமான லொறிகள் மேலே ஓடும்போதும் குறுக்கே வெடிக்கும். 1985 ஜனவரியில் லண்டன் புட்னியில் ஒரு மாடிக் குடியிருப்பு வெடித்து எட்டுப் பேர் இறந்தது, வெளியே இருந்த வார்ப்பிரும்புக் குழாயில் ஏற்பட்ட வெடிப்பினால்தான். காஸ் மண்ணுக்குள்ளால் ஊர்ந்து கட்டிடத்துக்குள் போயிருந்தது.

முறியாத இரும்பு வேண்டுமென்று, மக்னீசியம் சேர்த்து வார்க்கும் ஒருவகை இரும்பைப் பின்னர் கொண்டுவந்தார்கள். அது வளைந்து கொடுக்கும். ஆனால் கறள் அதை விடவில்லை. 1999 டிசம்பர் 22ஆம் திகதி ஸ்கொட்லாந்தில் லார்க்ஹோல் என்னும் ஊரில், கறள் அரித்த இவ்வகைக் குழாயிலிருந்து கசிந்த காஸ் ஒரு வீட்டினுள் சேர்ந்து வெடித்தது. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே அழிந்தது. குழாய்க்குப் பொறுப்பான நிறுவனத்துக்கு 2005இல் நீதிமன்றம் 15 மில்லியன் பவுண் தண்டம் விதித்தது. உருக்குக் குழாயைப் பற்றவைத்து உறுதியாகப் பொருத்தலாம். ஆனால் அதற்கு மேற்பூச்சும் கறளுக்கு எதிரான மின்காப்பும் வேண்டும். மேற்பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் கறள் தொடங்கும்.

இதனால்தான் கட்டிடங்களிலிருந்து 30 மீற்றருக்குள் உள்ள இரும்புக் குழாய்களை 30 வருடங்களில் மாற்றும் திட்டம் 2002இல் தொடங்கியது. இப்போது போடுவது பொலித்தீன் குழாய். பல இடங்களில் வீதியை முழுவதும் கிண்டுவதில்லை. பழைய இரும்புக்குள்ளேயே சற்றுச் சிறிய பொலித்தீன் குழாயைத் தள்ளிவிடுகிறார்கள். வீட்டுக்கு வருகிற பழைய உருக்குக் குழாய்க்குள்ளும் அப்படியே.

பொலித்தீனுக்குக் கறள் இல்லை. ஆனாலும் எல்லாம் பொருத்தில்தான் இருக்கிறது என்றார் அந்தத் தலைவர். இதை ஒட்டும் முறைகள் இரண்டு. பெரிய குழாய்களின் இரு நுனிகளையும் சீராகச் சீவி, ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் சூடான தட்டில் அழுத்தி உருகவைத்து, தட்டை எடுத்தவுடன் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது ஒரு முறை. மற்றையது, உட்பக்கத்தில் கம்பிச் சுருள் பதித்த உறைக்குள் இரு நுனிகளையும் செருகி, சுமார் 40 வோல்ற் மின்சாரத்தைச் செலுத்துவது. கம்பி சூடாகி, உறையையும் குழாயையும் உருக்கி ஒன்றாக்கிவிடும்.

இதில் கெட்டித்தனம் மின்சாரத்தில் இல்லை, அதற்கு முந்திய வேலையில்தான். குழாயின் மேல்தோலை மெல்லிய சீவலாக முழுச் சுற்றும் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டிய இடத்தில் கைவிரல் படக்கூடாது. ஈரமோ புழுதியோ இருக்கக்கூடாது. இறுக்கிப் பிடித்திருக்கும் கௌவியை, முழுதாக ஆறும்வரை அவிழ்க்கக்கூடாது. சுரண்டாமல் ஒட்டினாலும் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில வருடங்கள் போனபின்தான் விட்டுக்கொடுக்கும். மழை தூறியபோது குழிக்கு மேல் கூடாரம் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி அவர்கள் காத்திருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரும்பையும் பொலித்தீனையும் உருக்கி ஒட்ட முடியாது. அவை சந்திக்கும் இடத்தில் றப்பர் வளையமும் பிடிப்பும் உள்ள விசேட இணைப்பு வேண்டும். திருத்தும் முறையும் வேறுபடும். இரும்பில் துளையிட்டு, உள்ளே பையை ஊதிக் காஸை மறித்துவிட்டு வேலை செய்வார்கள். பொலித்தீனை இரு உருளைகளுக்கு இடையில் நசுக்கி மறிப்பார்கள். நசுக்கிய இடத்தை அடையாளமிட்டு விடுவார்கள், அதே இடத்தை மறுபடி நசுக்கக்கூடாது என்பதற்காக.

இனி நாங்கள் கவனிக்க வேண்டியவை.

வீட்டு வளவுக்குள் வரும் குழாய் ஒன்றரை அடிக்கும் குறைவான ஆழத்திலும் இருக்கக்கூடும். வேலிக்கட்டை நடும்போது மீற்றரிலிருந்து வீதிவரை உள்ள பாதையில் அலவாங்கால் குத்தாதீர்கள். கையால் மெதுவாகக் கிண்டுங்கள். குழாய்க்கு மேலே அறை கட்டாதீர்கள்.

தப்பித்தவறி வெட்டுப்பட்டால் ரேப் சுற்றிவிட்டு மண் போட்டு மூட வேண்டாம். எம்மவர் சிலர் தண்டப் பணத்துக்குப் பயந்து அப்படிச் செய்வதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். காஸ் மண்ணுக்குள்ளால் அடுத்த வீட்டின் நிலத்துக்குக் கீழேயும் போகும். போகிற வழியில் மண் அதன் மணத்தை உறிஞ்சிவிடவும் கூடும். அங்கே படுத்திருக்கும் குழந்தைக்கு மணம்கூடத் தெரியாமல் போகலாம்.

வீட்டுக்குள் மணம் வந்தால் மீற்றரடியில் காஸை நிறுத்துங்கள். கதவு, யன்னல்களைத் திறவுங்கள். லைற் சுவிச்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வெளியே வந்து 0800 111 999 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். இரவுபகல் எந்நேரமும் இலவசம். மீற்றர் வரையுள்ள குழாய் அவர்களின் பொறுப்பு. மீற்றருக்குப் பின்னால் உள்ளதைத் திருத்த, காஸ் சேஃப் பதிவுள்ளவரையே கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படிக் கடிதம் வந்தால் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். பகலில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு எந்த நாளில், யார், எதற்காக வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வருபவர்களிடம் அடையாள அட்டை இருக்கும். கதவைத் திறக்க முன் அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முடிந்தால் அன்று ஒருவராவது வீட்டில் நில்லுங்கள். நாங்கள் அந்த மாமிக்கு இதைச் செய்யவில்லை.

மதியத்துக்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. பொயிலரையும் அடுப்பையும் அவர்களே பற்றவைத்துச் சரிபார்த்தார்கள். மாமி குசினிக்குள் போய் அடுப்பில் பாலை வைத்தார். வெளியே குழி மூடிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். நான் கதவைத் திறக்கப் போக, "நில் தம்பி, நானே கொண்டுபோறன்" என்றார்.