இலங்கைக்குப் போகலாமா?

இலங்கைக்கு உல்லாசப் பிரயாணம் போகலாமா, அங்கே உயிருக்குப் பத்திரம் உண்டா என்ற சந்தேகம் நம்மவரில் சிலருக்கு இன்னும் தீரவில்லை. போகலாம் என்பதே நமது அபிப்பிராயம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ளவர்கள் அவசியம் போய்வர வேண்டும் என்றே சொல்லுவோம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை அறிந்து போக வேண்டும்.

2019-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைப் பாதகர்கள் குண்டு வெடித்தார்கள். 250-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜபம் செய்ய வந்தவர்களும், காலை ஆகாரத்துக்கு உட்கார்ந்த அன்னிய தேசத்தாரும் அதில் அடக்கம். மட்டக்களப்பில் பலியானவர்களில் பலர் தமிழ்க் குழந்தைகள்.

குண்டின் சேதம் வெடித்த இடத்தோடு நிற்கவில்லை. 2018-ல் அத்தீவுக்கு வந்த பிரயாணிகள் 23 லட்சத்துக்கு மேல். 2019-ல் அத்தொகை 19 லட்சமாகக் குறைந்தது. அந்தக் காயம் ஆறுமுன் 2020-ல் கொள்ளை நோய் வந்தது. 2022-ல் தேசத்தின் பொக்கிஷமே வறண்டு, பெட்ரோலுக்கும் மருந்துக்கும் ஜனங்கள் தவித்தார்கள். 2024-ல்தான் பிரயாணிகள் தொகை மறுபடியும் 20 லட்சத்தைத் தாண்டிற்று. வேறெந்த தேசத்தாரையும்விட அதிகமாக வந்தவர்கள் இந்தியர்களே.

பிரயாணி வராத வருஷத்தில் கஷ்டப்படுகிறவர் யார்? ஹோட்டல் முதலாளி எப்படியோ சமாளிப்பார். அறை பெருக்கும் பெண்ணும், ஆட்டோ ஓட்டுகிறவனும், கடற்கரையில் செவ்விளநீர் வெட்டுகிறவனும் எதைக் கொண்டு சமாளிப்பார்கள்? இதைக் குன்னூர்வாசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2020-ல் ஸீஸன் முழுவதும் நீலகிரி அடைபட்டுக் கிடந்தபோது, ஸிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் இல்லை. டாக்ஸிக்காரருக்குச் சவாரியும் இல்லை. தேநீர்க் கடையில் அடுப்பும் எரியவில்லை. நமக்கு நேர்ந்தது நோயால். அவர்களுக்கு முதலில் நேர்ந்தது கொலைஞர்களால். வயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குன்னூருக்கும் இலங்கைக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவோடு முடியவில்லை. 1948-ல் இலங்கைச் சர்க்கார் செய்த சட்டம், தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1964-ல் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஜனங்கள் பங்கு போடப்பட்டார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக ஏற்பட்டதே, குன்னூரைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். தமையன் இங்கே கொழுந்து பறிக்க, தங்கை ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் இம்மலையில் உண்டு. ரயில் ஜன்னலிலிருந்து பிரயாணிகள் படம் பிடிக்கும் அந்தப் பச்சைச் சரிவில் கூடை சுமந்து நிற்பவள் நமது உறவினள்.

"தமிழரை வதைத்த ராஜ்யத்தின் கஜானாவை நாம் ஏன் நிரப்ப வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். கோபம் நியாயமானது, முடிவு நியாயமானதல்ல. நாம் போகாவிட்டால் கொழும்பு மந்திரிகள் பட்டினி கிடக்கப் போவதில்லை. போகிறவர்கள் தங்கள் பணத்தை எங்கே செலவிடுவது என்று தாங்களே தீர்மானிக்கலாம். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழர் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. ஹட்டனில் கடைத்தெரு இருக்கிறது. கடற்கரை மாளிகையில் மூன்று நாள் படுத்துவிட்டுத் திரும்புவதுதான் பிரயாணம் என்று யார் விதித்தது?

போகிறவர்கள் ஒரு விஷத்தை மட்டும் மூட்டையில் கட்டிக்கொண்டு வரலாகாது. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். அதைச் சாக்காகக் கொண்டு 2019 மே மாதத்தில் குருநாகல், கம்பஹா, புத்தளம் ஜில்லாக்களில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் மசூதிகளும் தாக்கப்பட்டன. அந்தக் கொலைகாரக் கூட்டத்தின் தலைவனைப் பற்றி முன்னதாகவே அதிகாரிகளிடம் புகார் செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். சிலர் செய்த கொலைக்கு ஒரு சமூகத்தையே தண்டிப்பது எப்படிப்பட்ட அநீதி என்பது, இலங்கைத் தமிழர் சரித்திரம் அறிந்த நமக்குத் தெரியாதா?

குற்றத்தில் அதிகாரிகளுக்கும் பங்கு உண்டு. ஏப்ரல் 4-ந் தேதியே இந்தியா எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். 2023 ஜனவரியில் இலங்கை சுப்ரீம் கோர்ட், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனா 10 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ரூபாயால் மாண்ட குழந்தை மீளாது. முழு உண்மையும் வெளிவர வேண்டும் என்று கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித் விடாமல் வற்புறுத்தி வந்திருக்கிறார். அந்தக் கோரிக்கை கிறிஸ்தவர்களுடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான்.

ஆகையால் அன்பர்கள் போகட்டும். பயந்து வீட்டிலிருப்பது, கொலைஞர்கள் விரும்பியதை நாமே செய்து கொடுப்பதாகும். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போகட்டும். கொச்சிக்கடையில் ஒரு நிமிஷம் நிற்கட்டும். மட்டக்களப்பு வரை போய்ப் பிள்ளையை இழந்த தாய்க்கு ஆறுதல் சொல்லட்டும். தோட்ட லயங்களுக்குள் சென்று, ஒரு நாளைக்கு 1000 ரூபாய் கூலிக்காக வருஷக்கணக்கில் போராடிய ஜனங்கள் இன்று எப்படி வாழ்கிறார்கள் என்று விசாரிக்கட்டும். கண்டதைக் குன்னூருக்குத் திரும்பி வந்து நாலு பேருக்கு உரக்கச் சொல்லட்டும். அப்படிப் போகிறவர்களையே நமது உறவினர் அங்கே எதிர்பார்த்திருக்கிறார்கள்.