செல்போனை அடக்கிய துணி அடுப்பை அடக்குமா?



எங்க அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக நல்லூரில் எங்க வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்த மூணாம் நாளே பக்கத்து வீட்டு அத்தை ஒருத்தர், "கரண்ட் அடுப்புல காந்த அலை வருதாமாங்க, வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்க" என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆத்தா உடனே இன்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு விறகு அடுப்பைப் பற்ற வைத்தார். ரெண்டு நாள் அக்கா புகையில் இருமிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் அம்மா ஒரு வெள்ளி நூல் ஏப்ரன் வாங்கி வந்தார். விலை 1,800 ரூபாய். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எத்தனை ஷிப்ட் கால் கடுக்க நின்றால் 1,800 ரூபாய் வரும் என்று இதைப் படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும்.

விற்றவர் அம்மா கண் முன்னாலேயே டெஸ்ட் செய்து காட்டினாராம். ஒரு செல்போனை அந்தத் துணியில் நல்லா சுத்தி வைத்துவிட்டு, இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டார். மணி அடிக்கவில்லை. "பார்த்தீங்களா, எந்த அலையும் உள்ளே போகாதுங்க!"

அவர் காட்டினது பொய் இல்லை. நானும் வீட்டில் செய்து பார்த்தேன், நிஜமாகவே போன் அடிக்கவில்லை. ஆனால் என் கருத்து, அது போனுக்கு உண்டான டெஸ்ட், அடுப்புக்கு உண்டான டெஸ்ட் இல்லை. துணியை இழுத்துப் பார்த்துவிட்டு "சாயம் போகாது" என்று சொன்னால் நம்ம ஊரில் எந்த பையராவது ஒத்துக்கொள்வாரா? சாயத்துக்குத் துவைத்துத்தான் பார்க்கணும்.

இன்டக்‌ஷன் அடுப்புக்குள் இருப்பது ஒரு செம்புச் சுருள். அதில் மின்சாரம் ஒரு விநாடிக்கு 20 ஆயிரம் தடவைக்கு மேல் திசை மாறி ஓடுகிறது. அதனால் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அது பாத்திரத்தின் அடியில் மின்சாரத்தைச் சுழல வைத்து, பாத்திரத்தையே சூடாக்குகிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. செல்போன் அலையோ ஒரு விநாடிக்குப் பல கோடித் தடவை மாறுவது. அவ்வளவு வேகமான அலையைத் தடுக்க நூல் மேல் பூசிய மெல்லிய வெள்ளியே போதும். அடுப்பின் மெதுவான காந்தப்புலத்தைக் குறைக்க உலோகம் அதைவிட ரொம்பக் கனமாக இருக்கணும். நூல் மேல் இருக்கிற வெள்ளிப் பூச்சோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கூட வருமா என்பதே சந்தேகம்.

ஏப்ரன் அட்டையில் "லேப் டெஸ்ட் செய்தது" என்று பெரிசாகப் போட்டிருந்தது. இந்த மாதிரித் துணிகளுக்கு ஏ.எஸ்.டி.எம். டி4935 என்று ஒரு சோதனை முறை உண்டு. அது விநாடிக்கு 3 கோடி தடவையில் ஆரம்பித்து 150 கோடி தடவை வரைக்கும் மாறுகிற அலைகளுக்கு உண்டானது. 20 ஆயிரம் எங்கே, 3 கோடி எங்கே! அந்த ரிப்போர்ட்டில் 99 சதவீதம் என்று வந்தாலும் அடுப்பைப் பற்றி அது ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "சொன்னாப் போதுமா, செஞ்சு பார்க்கலாம்" என்றார். மோட்டார் வைண்டிங் கம்பியை உள்ளங்கை அகலத்துக்கு 50 சுற்று சுற்றி, ரெண்டு முனையிலும் ஒரு சிவப்பு எல்.இ.டி. பல்பை மாட்டினோம். பேட்டரி எதுவும் கிடையாது. ஆசிரியர் அறையில் டீ போடும் அடுப்பில் தண்ணீர் வைத்து, சுருளைப் பாத்திரத்தின் ஓரமாகப் பிடித்ததும் பல்பு எரிந்தது! நடுவில் ஏப்ரன் துணியைத் தொங்கவிட்டோம். எரிந்தது. ரெண்டாக மடித்தோம், நாலாக மடித்தோம். அப்பவும் எரிந்தது, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மங்கக்கூட இல்லை. சத்துணவுக் கூடத்து கனமான அலுமினியத் தட்டை வைத்தபோதுதான் மங்கியது. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சுருளை மட்டும் ஒரு சாண் பின்னால் இழுத்தோம். பல்பு அணைந்தே போய்விட்டது. (பல்பு அணைந்தால் காந்தப்புலம் சுத்தமாக இல்லை என்று அர்த்தம் இல்லை, பல்பை எரிய வைக்கிற அளவுக்கு இல்லை என்றுதான் அர்த்தம் என்று டீச்சர் எழுதச் சொன்னார்.)

1,800 ரூபாய் செய்யாததை ஒரு சாண் தூரம் செய்தது.

"போட்டா நல்லதுதானே, கெடுதல் ஒண்ணுமில்லையே" என்று அம்மா கேட்டார். கெடுதல் இருக்கிறது. ஏப்ரன் இருக்கிற தைரியத்தில் அக்கா வயிறு அடுப்புத் திட்டில் இடிக்கிற மாதிரி ஒட்டி நின்று தோசை சுட்டாள். நானே பார்த்தேன்.

அதுக்காக அடுப்பையே பரணில் போடணும் என்றும் நான் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து அரசின் சுகாதாரத் துறை சொல்கிற யோசனை ரொம்ப எளிது. அடுப்பிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டராவது தள்ளி நில்லுங்கள், சுருளை முழுசாக மூடுகிற பாத்திரத்தை நடுவில் வையுங்கள், அடி நெளிந்த பாத்திரம் வேண்டாம். அவ்வளவுதான். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் ஆத்தா பற்ற வைத்த அடுப்புக்கு வருவோம். வீட்டுக்குள் வருகிற சமையல் புகையால் 2020-ல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பயந்துபோய் எதை விட்டு எதற்கு ஓடினோம் பாருங்கள்!

நம்ம ஊர் துணி உலகம் பூராவும் போகிறது. ஜி.எஸ்.எம்., சுருக்கம், சாயம் எல்லாம் பார்க்காமல் ஒரு பீஸ் கூட பேக்கிங் ஆகாது. கோவையில் சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி நிலையம் 1956-லிருந்து இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் போடும் பனியனுக்கு இத்தனை டெஸ்ட் என்றால், எங்க அக்கா வயிற்றில் கட்டுகிற துணியை எந்த அடுப்புக்காக விற்கிறார்களோ அந்த அடுப்பிலேயே வைத்துப் பார்த்து, "இத்தனை குறைந்தது" என்று அட்டையில் போட்டால் என்ன? குறையவில்லை என்றால் செல்போன் துணி என்றே விற்கட்டும்.

அம்மா திருப்பிக் கொடுக்கப் போனார், கட்டியதை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது ஆத்தா அதை மடியில் விரித்து முருங்கைக் கீரை ஆய்கிறார். சுருள் ஆய்வக அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. உங்க வீட்டிலும் இந்த மாதிரித் துணி இருந்தால் மத்தியான இடைவேளையில் கொண்டு வாருங்கள், டீச்சர் இருக்கும்போது வைத்துப் பார்க்கலாம்.