அமாவாசை இரவும் எங்களுக்கு வேண்டும்

பௌர்ணமி இரவில் எங்கள் ரமணாசிரமப் பகுதியைப் பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். செங்கம் சாலை முழுவதும் மக்கள் வெள்ளம். தடியூன்றிய பாட்டிமார், இடுப்பில் குழந்தையுடன் தாய்மார், எங்களைப் போன்ற பள்ளி மாணவியர் என எத்தனையோ பெண்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். விடிய விடிய நடக்கிறார்கள். "இந்நேரத்தில் பெண்பிள்ளைக்குத் தெருவில் என்ன வேலை?" என்று அன்று எவரும் கேட்பதில்லை.

பதினைந்து நாள் கழித்து அமாவாசை வருகிறது. அன்று நாங்கள் மொட்டை மாடியில் சற்று நின்றால் போதும், "விளக்கு வைத்த பிறகு அங்கே என்ன வேலை? கீழே இறங்கி வா" என்று குரல் வந்துவிடும். பௌர்ணமிக்குத் திறக்கும் கதவு அமாவாசைக்கு ஏன் மூடிக்கொள்கிறது? இதுவே எங்கள் கேள்வி.

இக்கேள்வியை நாங்கள் வீம்புக்காகக் கேட்கவில்லை. முழுநிலவின் ஒளியில் மங்கலான விண்மீன்கள் மறைந்துவிடும். வானம் தன் செல்வத்தை எல்லாம் திறந்து காட்டுவது அமாவாசை இரவில்தான். தை அமாவாசையன்று இரவு ஏழு மணிக்குக் கிழக்கே பாருங்கள். செந்நிறமாக ஒளிர்வது திருவாதிரை. எங்கள் பாட்டிமார் ஜாதகத்தில் மட்டும் அறிந்த அந்நட்சத்திரம், முதுமையடைந்த ஒரு மாபெரும் சூரியன். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது வழக்கத்துக்கு மாறாக மங்கியபோது உலக வானியலார் அனைவரும் அதையே உற்றுநோக்கினார்கள். என்றேனும் ஒருநாள் அது வெடிக்கும் என்கிறார்கள். அத்தகைய வெடிப்பே சூப்பர்நோவா. நம் இரத்தத்திலுள்ள இரும்பு, இப்படி என்றோ வெடித்த விண்மீன்கள் அளித்த கொடை அன்றோ! மிகக் கனமான விண்மீன்கள் மடியும்போது ஒளியையும் வெளியே விடாத கருந்துளைகள் தோன்றுகின்றன.

அதே நேரத்தில் வடமேற்கே, ஆண்ட்ரோமீடா என்னும் நட்சத்திர மண்டலம் சிறு வெண்புகை போல இருக்கும். கண்ணுக்குத் தென்படாவிட்டால் சாதாரண பைனாகுலர் போதும். அதன் ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் ஊர் வரை வந்துவிட்ட விருந்தாளியைக் கதவைச் சாத்தித் திருப்பி அனுப்பலாமா?

இந்த ஆண்ட்ரோமீடாவை ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவைச் சேர்ந்த வெரா ரூபின் என்பவர். பாலோமர் மலையிலுள்ள வானாய்வகத்தில் பெண்களுக்கு இடம் தராத காலம் இருந்தது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று! 1965-ல்தான் அவருக்கு அங்கு முறையான அனுமதி கிடைத்தது. ஆண்ட்ரோமீடாவின் ஓரத்திலுள்ள விண்மீன்களும் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதை 1970-ல் அவரும் கென்ட் ஃபோர்டும் வெளியிட்டனர். கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் பேரண்டத்தில் நிறைந்துள்ளது என்பதற்கு இத்தகைய ஆய்வுகளே வலுவான சான்றாயின. அந்தக் கதவு திறந்திராவிட்டால் நட்டம் அவருக்கு மட்டுமா?

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கள் ஊருக்கு வடமேற்கே, நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே இருண்ட வானத்தைத் தேடி அதை நிறுவியவர் வைணு பாப்பு. அவர் 1982-ல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில் சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த ஜி. சி. அனுபமா, 2019-ல் இந்திய வானியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். அதே ஆண்டில் அந்நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்றவர் அன்னபூரணி சுப்பிரமணியம். இவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற மாணவியரே. இவர்களுக்கு இரவு மறுக்கப்பட்டிருந்தால் இன்று யாரை நமக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது?

பெற்றோரின் அச்சம் பொருளற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. செய்தித்தாளை நாங்களும் படிக்கிறோம். ஆனால் பௌர்ணமி நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அன்றும் அதே இருள், அதே சாலை. அச்சம் குறைவதேன்? பலர் துணையாக இருக்கிறார்கள். வழியில் காவலர், குடிநீர், கழிப்பறை என ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆகவே அச்சத்துக்குக் காரணம் இரவு மட்டும் அன்று, தனிமையும் ஏற்பாடின்மையுமே. அவற்றை நீக்குவதை விட்டுப் பெண்ணை வீட்டுக்குள் அடைப்பது, கொசுவுக்குப் பயந்து கோட்டையைக் கொளுத்துவது போலாகும். மருத்துவமனைக்கு இரவுப் பணிக்குச் செல்லும் செவிலியரை நாம் மதித்து வழியனுப்பவில்லையா? விண்ணை ஆராய விரும்பும் மகளுக்கும் அந்த மதிப்பு வேண்டும்.

எனவே எங்கள் வேண்டுகோள் மிகச் சிறியது. ஆண்டுக்கு ஒரு முறையேனும், தை அமாவாசையன்று, பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் விளக்குகளை அணைத்துவிடுங்கள். அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் உடனிருக்கட்டும். எங்கள் அன்னையரும் வரட்டும். அடுப்படியில் மாலைப் பொழுதெல்லாம் கழியும் அவர்களில் பலர் வானத்தை நிமிர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்றோ! காவலூருக்கும் ஒரு நாள் எங்களை அழைத்துச் செல்லுங்கள்.

எங்களில் எல்லோரும் விஞ்ஞானிகள் ஆகிவிடப் போவதில்லை. ஆயினும் எங்களுள் ஒருத்தி ஆகக்கூடும். அவள் யார் என்பது இப்போது எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரையும் அண்ணாந்து பார்க்க விடுங்கள். பௌர்ணமி இரவைத் தந்தீர்கள், நன்றி. அமாவாசை இரவையும் தாருங்கள்.