கைப்பேசி பாடம் சொல்லும், கைகொடுப்பது யார்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். இடைப்பட்ட பத்தொன்பது மாதமும், "பாடம் கைப்பேசியில் வரும், கல்வித் தொலைக்காட்சியில் வரும்" என்றார்கள். வந்தது உண்மை. யாருக்கு வந்தது?

கீழவைப்பார் போன்ற கடற்கரை ஊர்களில் தகப்பன் விடியுமுன் வள்ளமேறிப் போகிறான். தாய் இருட்டோடு உப்பளத்துக்குப் புறப்படுகிறாள். வீட்டில் இருக்கிற ஒரே கைப்பேசியும் அவர்களோடு வேலைக்குப் போய்விடும். வீட்டிலேயே இருந்தாலும், புரியாத கணக்கைப் பிள்ளை யாரிடம் கேட்கும்? திரையில் வரும் வாத்தியார் பேசுவார். பிள்ளை பேசுவது அவர் காதில் விழாது.

"ஆளுக்கொரு கருவி கொடுத்தால் குறை தீர்ந்தது" என்கிறார்கள் கல்வி வியாபாரிகள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து தொடங்கிய இணைய வகுப்புகளைப் பாருங்கள். 2017-18-இல் அவற்றில் சேர்ந்தவர்களில் 100-க்குச் சுமார் 3 பேர்தான் பாடத்தை முடித்தார்கள். கருவி இல்லாதவன் அதில் சேரவே முடியாது. ஆகவே கருவிப் பஞ்சம் இதற்குக் காரணமல்ல. காரணங்கள் பல இருக்கலாம். நின்றுபோனவனை, "ஏனப்பா வரவில்லை?" என்று கேட்க ஆளில்லாதது அவற்றில் பெரியது என்பது நம் கருத்து.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இயந்திரம் ஆயிரம் கதிர்களைச் சுழற்றும். நூல் அறுந்தால் இணைப்பது தொழிலாளியின் கை. இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. கை வேண்டாம் என்பவனைத்தான் எதிர்க்கிறோம்.

நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2021 அக்டோபர் 27-ந் தேதி சர்க்கார் "இல்லம் தேடிக் கல்வி"யைத் தொடங்கியது. ஊர்ப் பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக வந்து, 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொன்னார்கள். கார்த்திக் முரளிதரன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

அந்தப் பெண்களுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும், வீடு தெரியும், எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதும் தெரியும். இவ்வளவு செய்தவர்களுக்குக் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய். நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய்! சேவை என்ற பெயரில் உழைப்பை மலிவாக வாங்குவது முதலாளிக்கு மட்டுமல்ல, சர்க்காருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. இணையப் பாடம் எதுவானாலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவும் தவறைத் திருத்தவும் ஓர் ஆசிரியர் வேண்டும். மாலை வகுப்பு நடத்துவோருக்குப் பயிற்சியும் நியாயமான ஊதியமும் வேண்டும். காலி ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். அந்தக் குழுவில் பேசுங்கள். மே தினக் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். உப்பளத்துத் தாயின் பிள்ளைக்கும் கேள்வி கேட்க ஒரு வாத்தியார் வேண்டும். அதைச் சங்கமாகச் சேர்ந்து கேட்டுப் பெறுவோம்!