சொட்டு மருந்துக்காக நின்ற குண்டுகள் சோற்றுக்காக நிற்கவில்லை

2024 ஜூலையில் காஸாவின் கழிவுநீரில் போலியோ கிருமி கண்டறியப்பட்டது. ஆகஸ்டில், தைருல் பலாஹ் நகரில் கால் செயலிழந்த 10 மாதக் குழந்தைக்குப் போலியோ என்பது உறுதியானது. 25 ஆண்டுகளாக அந்நோயே இல்லாதிருந்த மண் அது. 2022இல் அங்கு 99 சதவீதக் குழந்தைகளுக்குப் போலியோ தடுப்பு மருந்து கிடைத்திருந்தது. போர் அதைக் குலைத்தது.

சொட்டு மருந்தில் இருப்பது பலவீனமாக்கப்பட்ட கிருமி. மருந்து கிடைக்காத குழந்தைகள் பெருகிய இடத்தில் அது நீண்ட காலம் சுற்றி வந்தால் மீண்டும் வீரியம் பெறும். காஸாவில் பரவியது இந்த வகைதான். ஒரு குழந்தையும் விடுபடாமல் மருந்து கொடுப்பதே இதற்குத் தீர்வு.

செப்டம்பர் 1ஆம் தேதி உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பணியைத் தொடங்கின. பகுதி பகுதியாக, காலை முதல் பிற்பகல் வரை தாக்குதல் நிறுத்தப்பட்டது. கூடாரங்களிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். இரு வாரங்களுக்குள் 10 வயதுக்குட்பட்ட சுமார் 5.6 லட்சம் குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் இரண்டாம் சுற்று. கடும் தாக்குதலால் வடக்கில் அது தள்ளிப்போனது. பிறகு தொடங்கியபோதும் காஸா நகரோடு நின்றது. ஜபாலியா, பைத் லாஹியா, பைத் ஹானூன் பகுதிகளில் பல ஆயிரம் குழந்தைகள் விடுபட்டனர்.

இங்குதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. சொட்டு மருந்துக்காகத் தாக்குதலை நிறுத்த முடிந்ததென்றால், பால் மாவுக்கும் இன்குபேட்டருக்கான எரிபொருளுக்கும் ஏன் முடியவில்லை?

போலியோவுக்கு எல்லை தெரியாது. இஸ்ரேல் தன் படையினருக்கும் அந்தத் தடுப்பு மருந்தைக் கொடுத்தது. பசியோ எல்லை தாண்டி யாரையும் தொற்றாது. 2025 மார்ச் 2 முதல் சுமார் 11 வாரங்கள் உணவும் மருந்தும் முற்றிலும் தடுக்கப்பட்டன. ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது.

காஸாவின் பிஞ்சுகளைக் காப்பாற்ற வழியில்லை என்று இனி எந்த அரசும் சொல்ல முடியாது. வழி இருந்ததை அந்தப் பன்னிரண்டு நாட்கள் காட்டிவிட்டன. மனம்தான் இல்லை. நம் துஆவில் அக்குழந்தைகளுக்கு இடமிருக்கட்டும். நம் ஆட்சியாளர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும் குரலும் ஓயாதிருக்கட்டும்.