பொத்தானை அழுத்தினால் முடிகிற போர் எங்கே நடக்கிறது?

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நான்கு நாள் மோதல் நடந்தபோது, தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இனி போர் என்றால் ட்ரோனும் ஏவுகணையும்தான். பீரங்கி, டாங்கி, காலாட்படை எல்லாம் பழங்கதை. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் குறி தவறாது, எதிரி மட்டும் சாவான். நாலே நாளில் எல்லாம் முடிந்துவிடும். இந்தப் பேச்சு டீக்கடை வரைக்கும் இறங்கிவிட்டது. நன்றாகப் படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. வலிக்காத போர் ஒன்று உண்டு என்று நம்பிவிட்ட சமூகம், அடுத்த போருக்கு யோசிக்காமல் தலையாட்டிவிடும்.

அந்த மே மாதத்தையே எடுத்துக்கொள்வோம். 7ஆம் தேதி காஷ்மீர் எல்லையோரத்துப் பூஞ்ச் நகரில் விழுந்தவை பீரங்கிக் குண்டுகள். பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உண்டு. நாம் திரையில் ட்ரோன் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பழங்கதை என்று சொல்லப்பட்ட ஆயுதம்தான் அவர்களைக் கொன்றது.

சிப்பாய்க்கு இனி வேலையில்லை என்பது முதல் வாதம். இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது 2020இல் நாகோர்னோ கராபாக்கில் நடந்த 44 நாள் போர். அஜர்பைஜானின் துருக்கி ட்ரோன்கள் ஆர்மீனிய டாங்கிகளை வரிசையாகக் கொளுத்தின. அந்தக் காணொலிகளை உலகமே பார்த்தது. ஆனால் போரை முடித்துவைத்தது எது? மலைப்பாறை மேல் இருக்கிற ஷுஷா நகரம் விழுந்ததுதான். காட்டு வழியாகவும் மலை இடுக்குகள் வழியாகவும் சிறு ஆயுதங்களோடு நடந்தே ஏறிய வீரர்கள் அதைப் பிடித்தார்கள். நவம்பர் 8ஆம் தேதி நகரம் கைமாறிய செய்தி வந்தது. அடுத்த இரண்டு நாளுக்குள் ஆர்மீனியா உடன்பாட்டில் கையெழுத்திட்டது. கார்கிலில் 1999இல் நாமே பார்த்ததும் இதுதான். மிராஜ் விமானங்கள் லேசர் குண்டு போட்டன, போஃபர்ஸ் பீரங்கிகள் இரவு பகலாக முழங்கின. கடைசியில் டைகர் ஹில்லில் கயிறு பிடித்து ஏறியவர்கள் மனிதர்கள்.

உக்ரைனில் நிலைமை மாறிவிட்டதே என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. களத்தில் விழுகிற பெரும்பாலான உயிர்களை இன்று ட்ரோன்களே எடுக்கின்றன என்று உக்ரைன் தரப்பே சொல்கிறது. ஆனால் அந்த மாற்றம் சிப்பாயை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்று பாருங்கள். முன்வரிசைக்குப் பல கிலோமீட்டர் இப்பாலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும், மேலிருந்து பார்த்துவிடுவார்கள். அதனால் தண்ணீர், ரொட்டி, தோட்டா எல்லாவற்றையும் முதுகில் சுமந்து, மரத்துக்கு மரம் மறைந்து நடக்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு மூன்று பேராகப் பதுங்கு குழிக்குள் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். காயம்பட்டவனைத் தூக்கிவர ஆள் போனால் அந்த ஆளையும் ட்ரோன் துரத்துகிறது. முதல் உலகப் போரில், 1916இல், பிரான்ஸின் சோம் ஆற்றங்கரையில் குழிக்குள் கிடந்தவனுக்கு இதில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையே இருக்கிற வானொலித் தொடர்பை எதிரி குழப்பிவிடுகிறான் என்பதால், 2024 முதல் இரு தரப்பும் கண்ணாடி இழை கட்டிய ட்ரோன்களைப் பறக்கவிடுகின்றன. பட்டத்துக்கு நூல் விடுவதுபோல ட்ரோனின் அடியில் உள்ள கண்டிலிருந்து இழை அவிழ்ந்துகொண்டே போகும், பத்து கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு. தாக்கி முடித்த பிறகு இழை அங்கேயே கிடக்கிறது. வெயில் பட்டால் வயல்களும் மரக்கிளைகளும் சிலந்தி வலை பின்னியதுபோல மின்னுகின்றன. இந்த ட்ரோனைத் தடுக்க என்ன செய்கிறார்கள்? கம்பம் நட்டுச் சாலைக்கு மேல் வலை கட்டுகிறார்கள். ஐரோப்பியக் கடற்கரைகளில் மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகள் அதற்காகவே லாரி லாரியாகப் போயிருக்கின்றன. வந்துவிட்ட ட்ரோனைப் பறவை சுடுகிற துப்பாக்கியால் சுடுகிறார்கள். மிகப் புதிய ஆயுதம் நூலைக் கட்டிக்கொண்டு பறக்கிறது; அதற்கு எதிரே வலையும் வேட்டைத் துப்பாக்கியும் நிற்கின்றன. இதைப் பார்த்த பிறகும் ‘பழையது ஒழிந்தது’ என்று எப்படிச் சொல்ல முடியும்?

பீரங்கி செத்துவிட்டது என்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் உக்ரைனுக்குப் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக வாக்களித்தது. கெடு முடிந்தபோது தர முடிந்தது ஏறக்குறையப் பாதி. அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரில், ஒரு காலத்தில் ரயில் எஞ்சின்களைப் பழுது பார்த்த பழைய கொட்டகைகளில், பழுக்கக் காய்ச்சிய எஃகுக் கட்டியை அழுத்தி இன்றும் 155 மி.மீ. குண்டுக்கு உடல் செய்கிறார்கள். 1915இல் பிரிட்டனில் குண்டுப் பஞ்சம் அரசாங்கத்தையே ஆட்டிவைத்து, தளவாடங்களுக்கென்றே தனி அமைச்சகத்தை உருவாக்க வைத்தது. நூறாண்டு கழித்தும் அதே பஞ்சம்தான்.

ஆளில்லாமல் பறக்கிற குண்டும் நேற்று வந்ததல்ல. அமெரிக்கா 1918லேயே ஒன்றைச் செய்து பார்த்தது. 1944 ஜூனில் ஜெர்மனியின் வி-1 லண்டன் மேல் இரைச்சலோடு வந்து விழுந்தது. இன்று கீவ் நகரத்து மக்கள் இரவில் மொபெட் சத்தம்போலக் கேட்கிற ஷாஹேத் ட்ரோன் அதற்குப் பேரப்பிள்ளை.

என்னை மிகவும் உறுத்துவது ‘குறி தவறாது’ என்ற வாதம்தான். 1991 வளைகுடாப் போரில் தொலைக்காட்சி நமக்குக் காட்டியது, குறுக்குக் கோட்டின் நடுவே போய் விழுகிற குண்டுகளை. உண்மையில் அந்தப் போரில் போட்ட குண்டுகளில் வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவை குறியில் விழுந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு பிப்ரவரி 13 விடியற்காலை பாக்தாதின் அமிரியா பதுங்கிடத்தின் மேல் இரண்டு லேசர் குண்டுகள் விழுந்தன. முதல் குண்டு கான்கிரீட் கூரையைத் துளைத்தது. இரண்டாவது அந்தத் துளை வழியாகவே உள்ளே போனது. அதைவிடத் துல்லியம் வேண்டுமா? உள்ளே தூங்கிக்கொண்டிருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

முப்பது ஆண்டு கழித்து, 2021 ஆகஸ்ட் 29, காபூல். ஒரு வெள்ளைக் காரை அமெரிக்க ட்ரோன்கள் மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தன. காரில் ஏற்றிய கேன்கள் வெடிமருந்து என்று முடிவு செய்தார்கள். கார் வீட்டு முற்றத்தில் வந்து நின்றதும் ஏவுகணை விட்டார்கள். குறி தவறவில்லை. பத்துப் பேர் இறந்தார்கள், ஏழு பேர் குழந்தைகள். கேன்களில் இருந்தது தண்ணீர். தவறு நடந்துவிட்டது என்று அமெரிக்க ராணுவம் செப்டம்பர் 17ஆம் தேதி ஒப்புக்கொண்டது. கேமரா எத்தனை தெளிவாக இருந்தாலும், பார்க்கிறவர் எதை எதிர்பார்த்துப் பார்க்கிறாரோ அதுதான் தெரியும். குண்டு எங்கே விழ வேண்டும் என்பதைத் தொழில்நுட்பம் பார்த்துக்கொள்கிறது. யார் மேல் விழ வேண்டும் என்பதை இன்னமும் தவறக்கூடிய மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

சீக்கிரம் முடிந்துவிடும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1914இல் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று நம்பிப் போனார்கள். நான்கு ஆண்டு ஆனது. 2022 பிப்ரவரியில் கீவ் சில நாளில் விழுந்துவிடும் என்று ரஷ்யா மட்டுமல்ல, மேற்கு நாட்டு நிபுணர்கள் பலரும் எண்ணினார்கள். விழவில்லை. போர் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டது.

முடிந்துவிட்டது என்று அறிவித்த பிறகும் முடியாத போர் நமக்குத் தெரியாததல்ல. அதை முடியவிடாமல் வைத்திருப்பது மிகவும் மலிவான, மிகவும் பழைய ஆயுதங்களில் ஒன்றான மிதிவெடி. அதைத் தடை செய்யும் 1997 உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக, போலந்தும் பின்லாந்தும் மூன்று பால்டிக் நாடுகளும் 2025இல் அறிவித்தன. ட்ரோன் யுகத்தில்தான் இந்த முடிவு. இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் பிறகு அந்நாட்டின் வடக்கே முகமாலையில், போரில் கணவனை இழந்த பெண்கள் பலர் உட்பட, ஆட்கள் முகக்கவசம் மாட்டி, வெயிலில் மண்டியிட்டு, ஒரு சாண் ஒரு சாணாக மண்ணைச் சுரண்டி மிதிவெடி எடுத்துவருகிறார்கள். பதினாறு ஆண்டு கடந்தும் வடக்கில் அந்த வேலை முடியவில்லை.